வாய் உருவாரம்

பிள்ளைகளா,

உங்கள் எல்லோருக்கும் உங்கள் அம்மா சோறு ஊட்டியது வாய்க்கு நேராக இல்லை, கன்னத்தோரமாக. சோற்றை உருட்டி, வாயின் கடைக்கோடியில் விரலை வைத்து, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் தள்ளிவிடுவாள். பெரியவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் பக்கத்து வீட்டில் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்து, "அவுக வீட்ல நேரா ஊட்டுறாக, நீ மட்டும் ஏன் கோணலா ஊட்டுற?" என்று கேட்டான். அவள் சோற்றுக் கும்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு உங்களையெல்லாம் நீங்களே அள்ளிச் சாப்பிடச் சொல்லிவிட்டாள்.

அவள் சொல்ல மாட்டாள். அதனால் நான் எழுதி வைக்கிறேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முன்னால் உங்களுக்கு ஒரு அக்கா இருந்தாள். பெரியவன் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். அவள் பிறந்தபோது உங்கள் அம்மாவுக்கு வலி நீண்டுபோயிற்று. பிள்ளை நீலம் பாய்ந்து வந்தது. அழவில்லை. மருத்துவச்சி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டிய பிறகுதான் பூனை மாதிரி ஒரு சத்தம் வந்தது. மற்றப் பிள்ளைகள் தலை நிற்கிற மாதத்தில் அவளுக்குத் தலை நிற்கவில்லை. உட்காரவில்லை. கை இரண்டும் முறுக்கிக்கொண்டு நெஞ்சோடு நின்றன, கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறின. ஊரில் நரம்பு இழுத்துவிட்டது என்றார்கள். பிற்பாடு டாக்டர் இங்கிலீசில் ஒரு பேர் சொன்னார். அது எனக்கு மனதில் நிற்கவில்லை.

புத்தியில் குறை இல்லை. தேவாரத்துச் சந்தைக்குப் போய்விட்டு நான் திரும்பும்போது, தெருமுனையில் என் வண்டி மாட்டு மணிச் சத்தம் கேட்டதுமே சிரிப்பாள். சிரித்தால் உடம்பு முழுக்க வில் மாதிரி பின்னால் வளையும். வேறு வண்டி மணிக்குச் சிரிக்க மாட்டாள். அதை வைத்துத்தான் நான் வருகிறேன் என்று உங்கள் அம்மா உலை வைப்பாள்.

கையும் காலும் எங்களுக்குப் பழகிவிட்டன. வாய்தான் அன்றாடம் வேலை வைத்தது.

முதலில் நாக்கு. கஞ்சியை வைத்தால் நாக்கு அதை வெளியே தள்ளும். வேண்டாம் என்று தள்ளுவது இல்லை, பசியில் அழுதுகொண்டே தள்ளுவாள். அடுத்தது தாடை. முன்பல்லில் எது பட்டாலும் எலிப்பொறி மாதிரி மூடிக்கொள்ளும். மூடினால் அவளாலேயே திறக்க முடியாது. ஒருநாள் பித்தளைக் கரண்டியை அப்படிக் கவ்விவிட்டாள். இழுத்தால் பல் போய்விடும் என்று உங்கள் அம்மா கரண்டியை விட்டுவிட்டு, அவளைத் தோளில் சாய்த்து, முதுகைத் தடவிக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். கரண்டி வாயில் தொங்கிக்கொண்டே வந்தது. பிள்ளை அசந்து தூங்கியதும் தானாகக் கீழே விழுந்தது. முன்பல்லில் ஒன்றின் முனை உடைந்திருந்தது.

பிறகு தண்ணீர். ஒரு மடக்குக் கொடுத்தால் புரையேறும். கண் பிதுங்கி, முகம் கறுத்து, மூச்சு திரும்ப நேரமாகும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யாரோ நெனைக்கிறாக, உச்சியில தட்டு" என்பாள். உங்கள் அம்மா தட்டிக்கொண்டே, "இவள யாருக்கா நெனைக்கிறது? கல்யாணம் காச்சின்னா ஒரு வார்த்த கேக்க ஆளக் காணோம், புரையேத்த மட்டும் ஊரே சேந்து நெனைக்குதாக்கும்" என்பாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். தண்ணீர்தான் ஏறும், கெட்டியான கூழ் இறங்கும் என்பதை உங்கள் அம்மா கண்டுகொண்டாள். அதனால் குடிக்கிறதையும் கேப்பை மாவு போட்டுக் கூழாக்கித்தான் கொடுப்பது. உடம்பு தேறும் என்று அதில் கருப்பட்டி தட்டிப் போடுவாள்.

கன்னத்தோரமாக ஊட்டுவதும் அவள் கண்டுபிடித்ததுதான். யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளையின் தலையை முழங்கை மடிப்பில் வைத்து, தாடை கொஞ்சம் நெஞ்சைப் பார்த்து இருக்கிற மாதிரி குனிய வைத்து, முன்பல்லில் படாமல் ஓரமாக விரலை விடுவாள். அங்கே வைத்தால் தாடை கவ்வாது, நாக்கும் அவ்வளவு தள்ளாது. ஒரு கிண்ணம் கூழ் உள்ளே போவதற்குள் பொழுது உச்சிக்கு ஏறிவிடும். மற்ற வீட்டில் காட்டு வேலைக்குப் போன பெண்கள் ஒரு பாத்தி களை எடுத்து முடித்திருப்பார்கள்.

பல் விளக்கிவிடுவது என் பங்கு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, பழைய வேட்டித் துண்டை உப்புத் தண்ணீரில் நனைத்து விரலில் சுற்றித் துடைப்பேன். உமிக்கரி போட்டால் இருமுவாள், கொப்பளிக்கவும் தெரியாது. அதனால் வெறும் துணிதான். கண்ணுக்குத் தெரிந்த பல்லைத் துடைத்துவிட்டு, கழுத்தில் வடிந்திருக்கிற எச்சிலையும் துடைத்து, வேறு துணி கட்டிவிடுவேன். எச்சில் எந்நேரமும் வடிந்து கழுத்து புண்ணாகிவிடும். அதற்கு விளக்கெண்ணெய்.

இப்படியே எட்டு ஒன்பது வயதாகிவிட்டது.

ஒரு வருடம் மாசி கழிந்து வெயில் ஏறுகிற நேரம். பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். முதலில் பாதிக் கிண்ணத்தோடு நிறுத்தினாள். பிறகு விரலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக் கத்தினாள். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பாள், அந்தச் சத்தத்தில் நாங்கள் தூங்கிப் பழகியிருந்தோம். அதுவும் நின்றுவிட்டது. துணியால் துடைக்கப் போனால் கையும் காலும் விறைத்துக் கத்துவாள். அதனால் அதையும் விட்டேன். கன்னத்தோரமாகக் கொஞ்சம் கஞ்சித் தெளிவை ஒழுகவிட்டோம். அது புரையேறியது. கண் உள்ளே போய்விட்டது. தூக்கினால் சுள்ளிக் கட்டைத் தூக்குகிற மாதிரி இருந்தது. இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பொட்டிப்புரத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா, உங்கள் பெரிய அத்தை, பார்க்க வந்தாள். வந்தவள் பிள்ளையைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"ஏலே, இது சாப்பிடாமக் கெடக்குற வாய் இல்லடா. கட்டுன வாய். யாரோ மந்திரம் வச்சு வாயக் கட்டிப்புட்டாக."

"சப்பாணிப் பிள்ள வாயக் கட்டி யாருக்கு என்னக்கா வரப்போகுது?" என்றேன்.

"ஒனக்கு வண்டி ஓடுது, மாடு ரெண்டும் கொழுகொழுன்னு நிக்கிது. ஒன்னய ஒண்ணும் செய்ய முடியலன்னா இதத்தான செய்வாக." பிறகு உங்கள் அம்மாவைப் பார்த்து, "ஆத்தா, ஆத்தங்கரை அம்மனுக்கு நேந்துக்க. கால் வெளங்காதவுக கால் வைக்கிறாக, கண்ணு தெரியாதவுக கண்ணு வைக்கிறாக. நீ ஒரு வாய எடுத்து வையி" என்றாள்.

உங்கள் அம்மா அப்போதே எழுந்து மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள். "எம்மவ வாயத் தொறந்து சாப்பிட்டா ஒனக்கு வாய் செஞ்சு வைக்கிறேன்" என்று சத்தமாகச் சொன்னாள்.

சித்திரைத் திருவிழாவுக்கு மண் உருவாரம் வேண்டுமென்றால் பங்குனியிலேயே வேளாரிடம் சொல்லிவிட வேண்டும். பானை வனைகிற வேளார்தான் அம்மனுக்கு உருவாரமும் செய்கிறவர். திருவிழாவுக்கு முன்னால் ஒரே ஒரு சூளைதான் போடுவார். அதில் கை, கால், கண், பிள்ளை பொம்மை, பாம்பு, மாடு எல்லாம் சேர்ந்து வேகும். நான் வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மண் கால்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒரு காலுக்கு விரல் கீறிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாய் செய்யணும்ண்ணே" என்றேன்.

கீறுவதை நிறுத்தவில்லை. "எந்த வாய்?"

"மனுச வாய்தான்."

"அது தெரியிது. நாய் வாய்க்கு எவனும் நேந்துக்க மாட்டான். தொறந்த வாயா, மூடுன வாயா?"

"எது சுளுவோ அதச் செய்ங்க" என்றேன்.

"மூடுன வாய்தேன் சுளுவு. ரெண்டு உதட்ட ஒட்டி வச்சா முடிஞ்சுது. ஆனா அதக் கொண்டுபோயி வச்சா ஆத்தா என்ன நெனைப்பா? இவன் பொண்டாட்டி வாய அடைக்கணும்னு நேந்துருக்கான்னு நெனைச்சுக்கிருவா. பெறகு வீட்ல ஒரே அமைதியாப் போயிரும்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். "ஒம்மவளுக்கா?"

"ஆமா. வாயத் தொறக்க மாட்டேங்குறா."

"அப்பத் தொறந்த வாய்தேன். தொறந்த வாய்னா பல்லு வேணும், நாக்கு வேணும். எது இருக்கு, எது விழுந்துருக்கு, எது மொளைக்கிது?"

"பிள்ள வாய் மாதிரி வைங்கண்ணே. ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் இருக்குற மாதிரி."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏப்பா, காலுக்கு நேந்து வர்றவன்ட்ட எந்தக் காலுன்னு கேட்டுத்தேன் செய்றேன். எடது காலு சூம்பிருக்கு, நான் வலது கால வச்சா ஆத்தா எதக் கொணமாக்குவா? ஊர்ப்பிள்ள வாய வச்சா ஊர்ப்பிள்ளதேன் சாப்பிடும். போயி ஒம்மவ வாயப் பாத்துட்டு வா. பாக்காமச் சொன்னா நாஞ் செய்ய மாட்டேன்."

சரி என்று வந்துவிட்டேன். கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லை. வழியில், வண்டி அச்சுக்கு மை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

வாயைப் பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பது? முன்பல்லில் கை பட்டால் கவ்வும். மாட்டுக்குப் பல் பார்க்கிறவர்கள் முன்னால் கை வைக்க மாட்டார்கள். ஓரத்தில் விரலை விட்டு, பல் இல்லாத இடத்தில் அழுத்தினால் மாடு வாயைத் திறக்கும். சந்தையில் எத்தனையோ மாட்டுக்கு நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு மாட்டுக்கு இருப்பது போல நடுவில் இடைவெளி கிடையாது. ஆனால் கடைசிப் பல்லுக்குப் பின்னால் கொஞ்சம் வெறும் சதை இருக்கும். என் வாயிலேயே விரலை விட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வாசலில் வெயில் விழுகிற இடத்தில் உங்கள் அம்மாவைப் பிள்ளையோடு உட்காரச் சொன்னேன். தலையை அவள் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் விரலைக் கழுவி, கன்னத்தோரமாக விட்டேன். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் அழுத்தினேன்.

"மாடு பாக்குற மாதிரியா பாக்குறீக எம்மவள?" என்றாள் அவள்.

"வேற பாக்கத் தெரியாது புள்ள" என்றேன்.

இடது பக்கம் திறந்தது. அது சரியாக இருந்தது. பழைய கூழ் கன்னத்தில் தங்கியிருந்தது, வழித்து எடுத்தேன். வலது பக்கம் விரலை விட்டதும் பிள்ளை கத்திய கத்தலில் மாடு இரண்டும் கழுத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றன. அழுத்தினேன், திறந்தது. வெயில் உள்ளே விழுந்தது. கீழ் வரிசையில் கடைசிப் பல்லில் ஒரு குழி. மிளகு போகிற அளவு, கறுப்பாக. அதற்கு அடியில் ஈறு சுண்டைக்காய் மாதிரி வீங்கி, முனையில் வெள்ளையாக இருந்தது. அழுகின நாற்றம் வந்தது.

விரலை எடுத்துவிட்டேன். உங்கள் அம்மாவும் குனிந்து பார்த்திருக்கிறாள்.

"வலின்னு சொல்லத் தெரியலயே இவளுக்கு" என்றாள் அவள். "கத்துனாளே. கத்திக்கிட்டேதான இருந்தா."

வண்டியைப் பூட்டச் சொன்னாள். பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். அக்கா அன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஏலே, நேந்துக்கிட்டு மஞ்சத்துணி முடிஞ்ச பெறகு ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா ஆத்தா சும்மா இருப்பாளா? நம்பலன்னுல்ல ஆகிப்போகும். ரத்தம் வேற பாக்கணும், தீட்டாப் போகும்."

உங்கள் அம்மா பிள்ளையை மடியில் வைத்தபடி வண்டிக்குள்ளிருந்து சொன்னாள்: "மதினி, வாயத் தொறக்கணும்னுதேன் நேந்தேன். தொறந்துருச்சு. உள்ள கெடக்குறதப் பிடுங்க ஆத்தாவா கொறட எடுத்துக்கிட்டு வருவா? தள்ளுங்க."

அக்கா தள்ளி நின்றாள். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சு சரியாக இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனிதர். வாயைத் திறந்து காட்டச் சொன்னார். நான் காட்டினேன். பார்த்துவிட்டு, கைகளைக் கழுவிக்கொண்டே யோசித்தார்.

"எடுத்துதாம்ப்பா ஆகணும். இல்லன்னா சீழ் தாடைக்குள்ள இறங்கிடும். ஆனா இந்தப் பிள்ளைக்கு மயக்க மருந்து குடுக்க எனக்குத் தைரியம் இல்ல. எச்சிலே புரையேறுதுங்குற. மயக்கத்துல ரத்தம் உள்ள போனா மூச்சு திரும்பாது."

"மயக்கம் இல்லாமலே எடுங்க சாமி" என்றாள் உங்கள் அம்மா.

"வாயை யாரு பிடிக்கிறது? மரக்கட்டை வெச்சாக் கடிச்ச வேகத்துல மத்தப் பல்லும் போயிடும்."

"நான் பிடிக்கிறேன்" என்றேன்.

"கடிச்சா விரல் நசுங்கிடும்யா."

"சரிங்க" என்றேன்.

அங்கே கம்பவுண்டர் கம்பமெட்டுக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரர். என் இடது கை ஆள்காட்டி விரலில் தடியாகத் துணி சுற்றிவிட்டார். பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மோளே, பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பயப்படாதே என்று அர்த்தம். உங்கள் அம்மா காலை அணைத்துக்கொண்டாள். நான் இடது பக்கக் கன்னத்தோரமாக விரலை விட்டு, கடைசிப் பல்லுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தேன். வாய் திறந்தது. டாக்டர் வலது பக்கம் குறட்டை வைத்தார்.

பிள்ளை கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு எடுத்தாள், அதற்குள் தாடை மூடியது. என் விரலோடு மூடியது. எனக்கு வலித்தது என்று இப்போது நினைக்கிறேன், அப்போது தெரியவில்லை. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். டாக்டர், "விடாதே, விடாதே" என்றார். விட முடியாது, அவள்தான் பிடித்திருந்தாள். பிறகு ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த கட்டை ஒடிகிற மாதிரி. டாக்டர் அவளை உடனே கவிழ்க்கச் சொன்னார். ரத்தமும் சீழும் பீங்கான் கிண்ணத்தில் விழுந்தன. உள்ளே ஒன்றும் போகவில்லை. அழுதாள். நன்றாக மூச்சு விட்டு அழுதாள்.

"இனிமேல் பின்பல்லையும் தினம் துடை. இனிப்பைக் குறை. சாப்பாடு கன்னத்துல தங்க விடாதே" என்றார் டாக்டர். பல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். வரும் வழியில் ஆற்றுப் பாலத்தில் உங்கள் அம்மா அதைத் தண்ணீரில் போட்டுவிட்டாள்.

அன்றைக்குப் பொழுது சாயும்வரை தூங்கினாள். மறுநாள் உங்கள் அம்மா கருப்பட்டி போடாத கேப்பைக் கூழைக் கரைத்து, ஆறவைத்து, இடது கன்னத்தோரமாக ஒரு விரல் வைத்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பவில்லை. விழுங்கினாள். இரண்டாவது விரலுக்கு வாயைத் தானாகக் கொஞ்சம் திறந்தாள். உங்கள் அம்மா கிண்ணம் காலியாகிறவரை ஊட்டினாள். பிறகு கிண்ணத்தைக் கழுவினாள். அது சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

நான் வேளாரிடம் போனேன். விரலில் கட்டு இருந்தது.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். வலது பக்கம் கீழ கடைசில ஒண்ணு இல்ல. நேத்து பிடுங்கியாச்சு. முன்பல்லு ஒண்ணு முனை ஒடஞ்சது. மத்ததெல்லாம் இருக்கு."

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"அப்ப ஆத்தா முந்திக்கிட்டா. நாமதேன் பிந்திட்டோம்." மண்ணைப் பிசைந்தார். "பிடுங்குன பல்லோட செய்யவா, பிடுங்குறதுக்கு முன்ன இருந்த மாதிரி செய்யவா?"

"இப்ப இருக்குறபடி செய்ங்க."

"சரி. ஒன் வாயத் தொற. உள்ள எப்படி வளைஞ்சு போகுதுன்னு பாக்கணும்." திறந்தேன். எட்டிப் பார்த்தார். "சீ, மூடு. வெத்தலைய விடுப்பா. ஒனக்கு யாரு நேந்துக்கிறது?"

அந்த வருடம் சித்திரை பிறப்பதற்கு முன்னால் கோடை மழை பிடித்துக்கொண்டது. சூளை நனைந்துவிட்டது. செய்து வைத்த கை கால் எல்லாம் ஈரம் வாங்கிக் கிடந்தன. வேளார் மழை விட்டுச் சூளை வைத்து எடுத்தபோது திருவிழா முடிந்திருந்தது. "வர்ற வருசம் வச்சுக்கலாம், ஆத்தா எங்க போகப் போறா" என்று வாயைக் கொடுத்துவிட்டார். உள்ளங்கை அகலம் இருக்கும். உதடு, பல், நாக்கு எல்லாம் இருந்தன. வலது பக்கம் கடைசியில் ஒரு குழி வைத்திருந்தார். முன்பல் ஒன்றின் முனையையும் கிள்ளிவிட்டிருந்தார். அதை நெல் குதிரின் மூடி மேல் வைத்தோம்.

பிள்ளை நன்றாகச் சாப்பிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. நான் தினமும் இரண்டு பக்கமும் ஓரமாக விரலை விட்டுக் கடைசிப் பல் வரைக்கும் துடைத்தேன். அதற்குக் கத்தவில்லை, சில நாள் சிரித்தாள். நறநறவென்று பல்லைக் கடிக்கிற சத்தம் திரும்பவும் வந்தது. உங்கள் அம்மா அந்தச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கினாள்.

மார்கழியில் சளி பிடித்தது. நெஞ்சு கர் கர் என்று இழுத்தது. அதே டாக்டரிடம் கொண்டுபோனோம். நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுப் பக்கம் இறங்கியிருக்கும், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அப்படி ஆகும், யாருடைய தப்பும் இல்லை என்றார். மருந்து கொடுத்தார். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் காலை, வெயில் வந்த பிறகு, போய்விட்டாள்.

பெரிய பிள்ளை என்பதால் வாய்க்கரிசி போட்டார்கள். ஒவ்வொருவராக வந்து வாய்க்கு நேராக, முன்னாலேயே போட்டார்கள். அரிசி போட்ட இடத்திலேயே இருந்தது. நாக்கு வெளியே தள்ளவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் எனக்கு நினைவில்லை. எங்கள் காட்டு வரப்பு ஓரமாக அடக்கம் செய்தோம். மறுநாள் வண்டி ஓட்டினேன்.

அடுத்து வந்த பங்குனியில் என் அக்கா வந்தாள். குதிர் மேல் இருந்ததைப் பார்த்துவிட்டு, "அத ஒடச்சு ஆத்துல போட்டுருடா. பிள்ளையே போன பெறகு என்ன நேர்த்தி வேண்டிக் கெடக்கு?" என்றாள்.

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து, "சாப்பிட்டாள்ல" என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அது சரி என்று எனக்கும் பட்டது. அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்று நாங்கள் நேர்ந்துகொள்ளவில்லை. வாய் திறந்து சாப்பிட வேண்டும் என்றுதான் நேர்ந்தோம். அது நடந்தது. அதைக் கோயிலில் வைக்க வா என்று உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவள் வயிற்றில் பெரியவன் இருந்தான்.

திருவிழாவுக்குச் சில நாள் முன்பே, கூட்டம் சேராத ஒரு மத்தியானம், தனியாகப் போனேன். அவள் கழுத்தில் கட்டுகிற எச்சில் துணி ஒன்று கொடியிலேயே கிடந்தது, அதில் மண் வாயைச் சுற்றி எடுத்துக்கொண்டேன். கோயிலில் பூசாரி இல்லை. வேம்புக்கு அடியில் பழைய உருவாரங்கள் குவிந்து கிடந்தன. கால்கள், கைகள், கண்கள், மழையில் முகம் தேய்ந்த பிள்ளை பொம்மைகள். ஒரு காலுக்கும் ஒரு கைக்கும் நடுவில் இடம் பார்த்து அதை வைத்தேன். கும்பிட்டேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

திரும்பலாம் என்று எழுந்தபோதுதான் பார்த்தேன். ஒரு வருடமாகக் குதிர் மேல் இருந்ததால் உள்ளே உமியும் தூசியும் படிந்திருந்தது. பல்லெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. ஆற்றில் இறங்கித் துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். விரலில் சுற்றிக்கொண்டேன். உட்கார்ந்து, முன்பல்லில் படாமல் கன்னத்தோரமாக விரலை விட்டு, முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம், அந்தக் குழி வரைக்கும் துடைத்துவிட்டேன்.